நூறு கிலோவுக்கு மேலே: ஜூடோ ஹெவிவெயிட்டில் காலூன்றுவது எப்படி

ஜூடோவில் ஆண்கள் என்றால் 100 கிலோவுக்கு மேல், பெண்கள் என்றால் 78 கிலோவுக்கு மேல் ஹெவிவெயிட். 1998-க்கு முன் இந்த எல்லை 95, 72 என்று இருந்தது. கீழ் எல்லைதான் உண்டு, மேல் எல்லை கிடையாது. 102 கிலோ ஆளும் 160 கிலோ ஆளும் ஒரே பாயில் எதிரெதிரே நிற்பார்கள். மற்ற பிரிவுக்காரர்கள் போல எடை பார்க்கும் நாளுக்காகப் பட்டினி கிடப்பதும், தண்ணீர் குடிக்காமல் ஓடுவதும் இங்கே இல்லை. அதனால் இது சுலபமான பிரிவு என்று நம்பி வருபவர்கள் நிறைய. மூன்றாவது நிமிடத்தில் அந்த நம்பிக்கை போய்விடும்.

ஹெவிவெயிட்டில் தோற்பவர்களில் பெரும்பாலோருக்குப் பலம் குறைவில்லை. மூச்சு வாங்குகிறது, கால் நின்றுபோகிறது, தாக்காமல் நிற்பதற்கு ஷிடோ என்ற எச்சரிக்கைத் தண்டனை வருகிறது. மூன்றாவது ஷிடோவோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான்: சொந்த எடையைச் சுமந்துகொண்டு 4 நிமிடமும், அதற்கு மேல் சமநிலை என்றால் வரும், நேரக் கட்டுப்பாடே இல்லாத கோல்டன் ஸ்கோரும் (முதல் புள்ளி எடுப்பவர் ஜெயிக்கும் கூடுதல் நேரம்) நகர்ந்துகொண்டே இருப்பது.

எந்த எடையில் நிற்பது

முதலில் இதைத் தீர்மானியுங்கள். செக் வீரர் லூக்காஸ் கிர்பாலெக் 2016 ரியோவில் 100 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் தங்கம் வாங்கினார். பிறகு மேல் பிரிவுக்கு மாறி, 2019-ல் உலகப் பட்டமும் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கமும் வென்றார். அந்தப் பிரிவின் பெரிய உடம்புகளோடு ஒப்பிட்டால் அவர் எடை குறைந்தவர். மறுகோடியில் பிரான்சின் டெடி ரினேர்: உயரம் 2 மீட்டர் 4 சென்டிமீட்டர், எடை சுமார் 140 கிலோ. இரண்டு உடம்புக்கும் இரண்டு வகை ஆட்டம். இரண்டுமே தங்கம் வென்றிருக்கின்றன.

எடை கூட்டலாமா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கூட்டாளியைப் பிடித்துக்கொண்டு 20 வினாடி முழு வேகத்தில் உச்சிகோமி (வீசாமல், வீச்சுக்கு உள்ளே நுழைந்து திரும்பும் பயிற்சி), 10 வினாடி ஓய்வு, இப்படி 8 சுற்று. முதல் சுற்றில் 15 முறை உள்ளே நுழைந்தீர்கள் என்றால் எட்டாவது சுற்றில் குறைந்தது 12 வரவேண்டும். வந்தால் மாதம் ஒரு கிலோ கூட்டலாம். வராவிட்டால் இப்போதிருக்கும் எடையே உங்களுக்கு அதிகம். ஒவ்வொரு மாதமும் எடையோடு இடுப்புச் சுற்றளவையும் எழுதி வையுங்கள். எடை ஏறாமல் இடுப்பு மட்டும் ஏறினால் கூடுவது தசை அல்ல.

100 கிலோவைத் தொட்டும் தொடாமலும் நிற்பவருக்கு இன்னொரு தொல்லை: எடை பார்க்கும்போது 100-ஐத் தாண்டியே ஆகவேண்டும். அப்படிப்பட்டவர் 103, 104-ல் நிலைப்பது நல்லது. பயண அலைச்சலிலும் வயிற்றுக் கோளாறிலும் இரண்டு கிலோ போவது பெரிய விஷயமில்லை.

பதினைந்திலிருந்து இருபது வயது வரை

18 வயதுக்கு உட்பட்ட கேடட் பிரிவில் ஹெவிவெயிட் என்பது பையன்களுக்கு 90 கிலோவுக்கு மேல், பெண் பிள்ளைகளுக்கு 70 கிலோவுக்கு மேல். 21 வயதுக்கு உட்பட்ட ஜூனியரிலிருந்து சீனியர் எல்லைதான். இந்த வயதில் நடக்கும் பெரிய கெடுதல், எடையாலேயே ஜெயிப்பது. 15 வயதில் 110 கிலோ இருக்கும் பையன் எதிராளியின் கழுத்தைச் சுற்றிக் கை போட்டு, அப்படியே மேலே விழுந்து பதக்கம் வாங்கிவிடுவான். கோச்சும் மகிழ்வார். 20 வயதில் எல்லோரும் 110 கிலோ ஆகும்போது அவனிடம் வேறு சரக்கு இருக்காது.

ஆகவே ஜூனியர் முடியும் வரை பயிற்சியில் இரண்டு கட்டுப்பாடு வையுங்கள். ஒன்று, கழுத்தைக் கட்டிக்கொண்டு விழும் மகிகோமி வகை வீச்சுகள் வேண்டாம். கையில் காலரும் சட்டைக் கையும் மட்டும். இரண்டு, வாரத்தில் பாதி ரண்டோரி (பயிற்சி ஆட்டம்) 73, 81 கிலோ ஆட்களோடு. அவர்களுடைய கால் வேகத்துக்கு ஈடுகொடுத்தே ஆகவேண்டிய கட்டாயத்தில் கால் தானாக நகரப் பழகும். தினமும் 10 நிமிடம் கால் வேலைக்கு ஒதுக்குங்கள்: பாயின் நீளத்துக்குப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே ஒகுரி-ஆஷி-பராய் (இரு காலையும் சேர்த்து வாருவது), பின்னால் போய்க்கொண்டே சாசாயே-சுரிகோமி-ஆஷி (எதிராளியின் காலைப் பாதத்தால் தடுத்து வீசுவது). பாதம் பாயை உரசிப் போகவேண்டும், தூக்கி வைக்கக்கூடாது. பெரிய உடம்பு கால் தூக்கி நடந்தால் அந்த ஒரு கணத்தில் வாரிவிடுவார்கள்.

விழப் பழகுவதும் அவசியம், ஆனால் கணக்கோடு. 60 கிலோ ஆள் ஒரு வேளையில் 100 முறை விழுந்து எழுவார். 120 கிலோ உடம்புக்கு 30, 40 போதும். அதற்கு மேல் போனால் தோளும் இடுப்பும் வலிக்கும், நுட்பமும் கெடும். வீச்சுப் பயிற்சிக்குக் கனமான கிராஷ் மேட் (மேலே விழுவதற்கான தடித்த மெத்தை) போடுங்கள்.

கூட்டாளி கிடைக்காத பிரச்சினை

உலகம் முழுக்க ஹெவிவெயிட்காரர்களுக்குப் பொதுவான குறை இது. ஒரு சாதாரண கிளப்பில் 66 கிலோவில் எட்டுப் பேர் இருப்பார்கள், 100-க்கு மேல் ஒருவர்தான். தன்னைவிடக் கனமான ஆளோடு மோதாமலேயே வளர்பவருக்கு, முதல் சர்வதேசப் போட்டியில் எதிராளியின் பிடி விழுந்தவுடன் முதுகு வளையும். அந்த அழுத்தத்தை ஜிம்மில் எந்த எந்திரமும் தராது.

இருப்பதை வைத்து வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். ஆறு நாள் பயிற்சியில் நான்கு நாள் ரண்டோரி. அதில் இரண்டு நாள் 81, 90 கிலோ ஆட்களோடு, 4 நிமிடச் சுற்று 6, சுற்றுக்கு நடுவே ஒரு நிமிடம். இந்தச் சுற்றுகளில் எடையைப் போட்டு அமுக்கக்கூடாது, ஊரா-நகே (தூக்கிப் பின்பக்கம் வீசுவது) கூடாது, வீசினால் நின்றுகொண்டே முடிக்கவேண்டும். சின்ன ஆளின் விலா எலும்பு போனால் அடுத்த வாரம் உங்களோடு யாரும் ஆட வரமாட்டார்கள். மற்ற இரண்டு நாள் கனமான ஆட்களோடு. கிடைக்காவிட்டால் 90 கிலோ ஆட்கள் மூவரை வரிசையில் நிறுத்தி, நீங்கள் ஓய்வில்லாமல் நிற்க, 90 வினாடிக்கு ஒருவர் மாறி மாறி வரட்டும். எடை வித்தியாசத்தைக் களைப்பு ஈடுகட்டும்.

மூன்று பேர் உச்சிகோமியும் நல்ல மாற்று: நீங்கள் இழுக்கும் ஆளின் பெல்ட்டைப் பின்னாலிருந்து இன்னொருவர் பிடித்துக்கொள்வார். ஒரு பக்கத்துக்கு 10 வீதம் 10 செட். நகராத பாரத்தை அசைக்கும் உணர்வு ஓரளவு வரும்.

இதற்கும் மேல் தேவையென்றால் பயணம்தான். ஜனவரியில் ஆஸ்திரியாவின் மிட்டர்ஸில் நகரில் நடக்கும் முகாமில் பல நாட்டு அணிகள் ஒரே கூரையின் கீழ் வந்து சேரும். ஜப்பானில் டோக்காய், கொகுஷிகான், டென்ரி போன்ற பல்கலைக்கழக டோஜோக்களில் (பயிற்சிக்கூடங்களில்) ஒரே வேளையில் கனமான கூட்டாளிகள் பலர் கிடைப்பார்கள். ஒரு முகாமுக்கும் ஒரு சின்னப் போட்டிக்கும் நடுவே பணம் ஒன்றுக்குத்தான் என்றால் முகாமுக்குப் போங்கள். போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றால் ஆடியது ஒரே ஆட்டம். இரண்டு வார முகாமில் 100 சுற்று.

பிடியும் வீச்சும்

ஹெவிவெயிட்டுக்கு மூன்று வீச்சு போதும்: முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கால்வாரல் ஒன்று. மூன்றும் ஒரே பிடியிலிருந்து வரவேண்டும், அதுதான் நிபந்தனை. பிடி மாற்றினால் என்ன வரப்போகிறது என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும்.

உயரமானவர் மேல் காலரைப் பிடித்து உச்சிமாட்டா அல்லது ஹராய்-கோஷி (முன்பக்கம்), அதே பிடியில் ஓசோட்டோ-காரி (பின்பக்கம்), இடையில் சாசாயே (கால்வாரல்) என்று கட்டலாம். குட்டையாகவும் அகலமாகவும் இருப்பவர் எதிராளியின் கைக்கு அடியில் புகுந்து இப்போன்-செயோய் (முன்பக்கம்), ஓஉச்சி-காரி (பின்பக்கம்), கோசோட்டோ (கால்வாரல்). ஜப்பானின் யசுஹிரோ யமாஷிட்டாவின் உயரம் சுமார் 180 சென்டிமீட்டர்தான். ஓசோட்டோ-காரி, ஓஉச்சி-காரி, உச்சிமாட்டா, பிறகு தரை ஆட்டம் என்று கட்டிய ஆட்டத்தோடு 1977 முதல் 1985 வரை 203 ஆட்டங்கள் தோல்வியில்லாமல் போனார். எடைப்பிரிவே இல்லாத அகில ஜப்பான் பட்டத்தைத் தொடர்ந்து 9 முறை வென்றார்.

வழக்கமாகத் தவறு நடக்கும் இடங்கள்:

உச்சிமாட்டாவில் தலையைப் பாய் மேல் குத்திப் போவது. இது கழுத்துக்கு ஆபத்து; அதற்காகவே விதியில் நேரடி ஹன்சோகு-மாகே, அதாவது வெளியேற்றம். முன்னால் சாய்வதற்குப் பதிலாகச் சுழன்று பக்கவாட்டில் விழப் பழகுங்கள். இழுக்கும் கை இடுப்பளவுக்கு இறங்கினால்தான் தலை கீழே போகிறது. அந்த முழங்கையைக் கண் உயரத்தில் வையுங்கள்.

முதுகுக்கு மேல் கை போட்டு பெல்ட்டைப் பிடிப்பது. உயரமானவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். பிடித்தவுடன் தாக்கவேண்டும், பிடித்துக்கொண்டு நின்றால் ஷிடோ. ஆகவே கை அங்கே போவதற்கு முன்பே கால் கிளம்பியிருக்க வேண்டும்.

பாதி மனதோடு மகிகோமி. சுற்றிக்கொண்டு போய் எதிராளி விழாவிட்டால் நீங்கள் குப்புற, அவர் உங்கள் முதுகில். 130 கிலோ முதுகில் இருக்கும்போது எழுவது எப்படி என்று யோசிப்பதைவிட, போகாமல் இருப்பதே மேல்.

ஒரே வீச்சை அதே தாளத்தில் போடுவது. 2010 உலகப் போட்டியின் ஓப்பன் பிரிவு (எடை வரம்பில்லாத பிரிவு) இறுதியில் தோற்ற பிறகு ரினேர் 154 ஆட்டங்கள் தொடர்ந்து ஜெயித்தார். 2020 பிப்ரவரியில் பாரிஸில் அந்தத் தொடரை முடித்தவர் கொக்கோரோ காகெயுரா என்ற ஜப்பானியர், அவரைவிடக் குட்டையானவர். அதுவும் கோல்டன் ஸ்கோரில், எதிர்வீச்சில். களைத்த நேரத்தில் பழகிய வீச்சைத் தயாரிப்பில்லாமல் போட்டால் உலகின் முதல் ஆளுக்கும் இதுதான் நடக்கும்.

எதிராளியின் காலைக் கையால் பிடிப்பது 2013 முதல் சர்வதேச விதியில் முழுக்கத் தடை. பெரியவர்களுக்கு இது லாபம்: குனிந்து காலை வாரும் சின்ன ஆள் பயம் போனது, நிமிர்ந்து ஆடலாம்.

தரையில்

ஹெவிவெயிட் ஆட்டத்தில் நிறையப் பேர் வீணாக்கும் இடம் தரை. இருவரும் களைத்து விழுகிறார்கள், எழுந்து நடுவர் முகத்தைப் பார்க்கிறார்கள். 2025 முதல் உள்ள விதிப்படி 5 வினாடி அமுக்கினால் யுக்கோ (சிறிய புள்ளி), 10-ல் வாசா-ஆரி (பாதிப் புள்ளி), 20-ல் இப்போன் (முழு வெற்றி). கனமான உடம்புக்கு 20 வினாடி அமுக்குவது, நின்று ஒரு வீச்சு போடுவதைவிடச் செலவு குறைவு. 1984 லாஸ் ஏஞ்சலஸில் யமாஷிட்டா வலது கெண்டைக்கால் தசை கிழிந்த நிலையில் ஓப்பன் இறுதியில் எகிப்தின் முகமது ரஷ்வானைத் தரையில், யோகோ-ஷிஹோ-கட்டாமேயில் (பக்கவாட்டிலிருந்து அமுக்கும் பிடி) அமுக்கித்தான் தங்கம் வாங்கினார்.

நீங்களும் யோகோ-ஷிஹோ, காமி-ஷிஹோ (தலைப் பக்கத்திலிருந்து அமுக்குவது) இரண்டில் தொடங்குங்கள். கெசா-கட்டாமே (கழுத்தையும் கையையும் கட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து அமுக்குவது) சுலபமாகத் தெரியும். ஆனால் எதிராளியும் கனமாக இருந்தால் அவர் பாலம் போல் இடுப்பைத் தூக்கி உங்களையே உருட்டிவிடுவார். பயிற்சி: எதிராளி முட்டி போட்டுக் குப்புற இருக்க, 30 வினாடிக்குள் திருப்பி அமுக்குவது. ஒரு வேளைக்கு 12 முறை. எடையை வயிற்றில் போடாமல் மார்பில் போடுங்கள், கால்விரல்கள் பாயில் ஊன்றியே இருக்கட்டும். விரல் படுத்துவிட்டால் உங்கள் எடையில் பாதி பாய்க்குத்தான் போகிறது.

மூச்சு

நீண்ட தூரம் ஓடுவதை விடுங்கள். 120 கிலோவோடு தார்ச்சாலையில் 8 கிலோமீட்டர் ஓடினால் முழங்கால்தான் தேயும். சைக்கிள் எந்திரம், துடுப்பு எந்திரம், நீச்சல் போதும். வாரம் இரண்டு நாள் 40 நிமிடம் பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகம், இரண்டு நாள் இடைவெளிப் பயிற்சி: 25 வினாடி கடுமை, 10 வினாடி ஓய்வு, 4 நிமிடம், பிறகு 5 நிமிடம் ஓய்வு, இப்படி 4 முறை. போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது நான்காவது சுற்றை 4 நிமிடத்தில் நிறுத்தாமல் 7 நிமிடம் வரை இழுங்கள். கோல்டன் ஸ்கோர் என்பது அதுதான்.

பளு தூக்குவதில் டெட்லிஃப்ட், முன்பக்க ஸ்குவாட், ரோயிங், ஜூடோகியை (ஜூடோ உடையை) கம்பியில் போட்டுத் தொங்குவது. தொங்குவதை 10 வினாடியில் தொடங்கி 30 வரை ஏற்றினால் கனமானவருக்கு அது நல்ல அளவு. கயிறு ஏறும் போட்டியெல்லாம் சின்ன ஆட்களுக்கு.

சாப்பாடு, மருந்து

புரதக் கணக்கை மொத்த எடைக்குப் போடாதீர்கள். கொழுப்பைக் கழித்த எடைக்குக் கிலோவுக்கு 2 கிராம் என்று வையுங்கள். 130 கிலோவில் 95 கிலோ கொழுப்பில்லாதது என்றால் நாளுக்கு 190 கிராம். நான்கைந்து வேளையாகப் பிரித்தால்தான் வயிறு தாங்கும்.

இரத்த அழுத்தம் இந்தப் பிரிவில் அபூர்வமல்ல, சிக்கல் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அழுத்தத்துக்குத் தரும் பல கூட்டு மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கும். அது சிறுநீர் பெருக்கி, ஊக்கமருந்துப் பட்டியலில் தடை. எடையே குறைக்காத ஹெவிவெயிட்காரரும் மாட்டுவார். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர் முன்கூட்டியே மருத்துவ விலக்கு வாங்கவேண்டும், மெட்ஃபார்மினுக்குத் தடையில்லை. ஆஸ்துமாவுக்கு சால்புட்டமால் இன்ஹேலர் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டாமல் பயன்படுத்தலாம். எந்த மருத்துவரிடம் போனாலும் விளையாட்டு வீரர் என்பதை முதலில் சொல்லுங்கள், சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சோதனைப் பட்டியலில் பெயர் வந்த பிறகு தினமும் 60 நிமிடம் எங்கே இருப்பீர்கள் என்று பதிய வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் அதுவே குற்றம்.

சத்தமாகக் குறட்டை விட்டு, காலையில் தலை கனத்து எழுந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். பெரிய கழுத்துக்காரர்களுக்கு இது வரும். எவ்வளவு பயிற்சி செய்தாலும் களைப்பு தீராமல் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மடிப்புத் தோலில் படர்தாமரை வந்தால் ஆறும் வரை பாய்க்குப் போகாதீர்கள்.

போட்டி நாள்

எடை பார்ப்பது முந்தின நாள். பெரிய போட்டிகளில் ஹெவிவெயிட் பெரும்பாலும் கடைசி நாளில் வரும். அதாவது மற்றவர்கள் ஆடி முடித்துக் கொண்டாடிக்கொண்டிருக்கும் ஓட்டலில் நீங்கள் இரண்டு நாள் சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்பீர்கள். புஃபே மேசை பக்கத்திலேயே உட்காராமல் காலையில் 30 நிமிடம் உச்சிகோமி, மாலையில் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் பாதி ஆடை பாதி என்பது ஜூடோகி பரிசோதனையில் நேரடிப் பொருளில் உண்மை. சட்டையின் இரண்டு மடிப்பும் மார்பின் குறுக்கே குறைந்தது 20 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று வரவேண்டும். வயிறு பெரிதான ஆட்கள் விழும் குழி இதுதான்: உயரத்துக்கு அளவெடுத்த சட்டை அகலத்துக்குப் போதாது. அகல வெட்டுள்ள அளவை வாங்குங்கள், மூன்று முறை துவைத்துச் சுருங்கிய பிறகு அளந்து பாருங்கள். கையை நீட்டினால் மணிக்கட்டு மூடியிருக்க வேண்டும், பெல்ட் முடிச்சிலிருந்து இரு நுனியும் 20 முதல் 30 சென்டிமீட்டர். வெள்ளை இரண்டு, நீலம் இரண்டு பையில் இருக்கட்டும். பெரிய அளவில் இரவல் கிடைக்காது.

விரல்களுக்கு 1.25 சென்டிமீட்டர் டேப்பை மூட்டின் மேல் பெருக்கல் குறி போலச் சுற்றுங்கள். விரல் மடங்கவேண்டும், நுனி நீலமாகக் கூடாது. இரண்டு ஆட்டத்துக்கு நடுவே விதிப்படி குறைந்தபட்சம் 10 நிமிடம் கிடைக்கும். உடனே படுக்காதீர்கள். 3 நிமிடம் நடந்து மூச்சை இறக்கிவிட்டு, சில மடக்கு நீர், பிறகு கால் மேலே.

தரவரிசையும் பணமும்

ஒலிம்பிக் இடம் தரவரிசையால் தீர்மானமாகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஒவ்வொரு பிரிவிலும் நாட்டுக்கு ஒருவர் வீதம் முதல் 17 பேர் நேரடியாகப் போனார்கள். கண்டங்களுக்கான ஒதுக்கீடு தனி. போட்டியின் தரத்தைப் பொறுத்துத் தங்கத்துக்குக் கிடைக்கும் புள்ளிகள்: உலகப் போட்டி 2000, மாஸ்டர்ஸ் 1800, கிராண்ட் ஸ்லாம் 1000, கிராண்ட் பிரி 700, கண்ட அளவிலான சாம்பியன்ஷிப் 700, கண்ட அளவிலான ஓப்பன் போட்டி 100. ஒரு வருடம் கடந்த புள்ளி பாதியாகக் குறையும். கணக்கைப் பாருங்கள்: பத்து கண்ட ஓப்பன் ஜெயித்தால்தான் ஒரு கிராண்ட் ஸ்லாம். ஓப்பன்கள் பழகுவதற்கு, புள்ளி சேர்க்க கிராண்ட் பிரியில் பதக்கச் சுற்று வரை போகும் நிலை வரவேண்டும். முதல் 8 பேருக்குத்தான் சீடிங் (ஆரம்பத்திலேயே ஒருவரோடொருவர் மோதாதபடி அட்டவணையில் தரும் இடம்). அது இல்லாதவர் முதல் ஆட்டத்திலேயே மலையோடு மோதவேண்டியிருக்கும். இந்தியாவின் துலிகா மான் 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் 78 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் வெள்ளி வாங்கியவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவருக்கு முதல் சுற்றில் வந்தவர் கியூபாவின் இடாலிஸ் ஓர்டிஸ், 2008 முதல் நான்கு ஒலிம்பிக்கில் தொடர்ந்து பதக்கம் வென்றவர். அரை நிமிடத்துக்குள் முடிந்தது.

பரிசுப் பணத்தை நம்பி வாழ முடியாது. ஜெயித்ததில் ஐந்தில் ஒரு பங்கு கோச்சுக்கு என்பதும் விதி. உலகம் முழுக்க இந்த விளையாட்டுக்காரர்களுக்குச் சோறு போடுவது வேலைதான்: ஐரோப்பாவில் பல நாடுகளில் ராணுவமும் காவல் துறையும், ஜப்பானில் அசாஹி காசெய் போன்ற நிறுவன அணிகள், இந்தியாவில் ரயில்வே, ஆயுதப் படைகள், காவல் துறை விளையாட்டு ஒதுக்கீடு. ஜூனியர் தேசியப் பதக்கம் வந்த வருடமே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள், வயது வரம்பு காத்திருக்காது.

முப்பதுக்குப் பிறகு

ஹெவிவெயிட்டுக்கு ஆயுள் நீளம். ரினேர் 2007-ல் 18 வயதில் உலகப் பட்டம் வாங்கினார்; 2024-ல் 35 வயதில் மறுபடி ஒலிம்பிக் தங்கம். அதற்குள் வருடத்துக்கு ஆடும் போட்டிகளைக் கையில் எண்ணும் அளவுக்குக் குறைத்துவிட்டார். நீங்களும் 30-ஐத் தாண்டியதும் வருடத்துக்கு 4, 5 போட்டி என்று வையுங்கள். கனமான ரண்டோரியை வாரம் இரண்டாக்குங்கள். வீசப்படுவதை கிராஷ் மேட்டுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

ஓய்வு பெற்ற முதல் ஆறு மாதம் ஆபத்தானது. பயிற்சி நின்றுவிடும், சாப்பாட்டுத் தட்டு நிற்காது. கடைசிப் போட்டி முடிந்த வாரமே ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்துவிடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள், மாதம் இரண்டு கிலோ வீதம் இறங்குங்கள். வாரம் இரண்டு மாலை கிளப்புக்குப் போய் அங்கே கூட்டாளி இல்லாமல் தவிக்கும் 17 வயது ஹெவிவெயிட் பையனுக்கு நான்கு சுற்று கொடுங்கள், முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு.